ஆலைக்குள் ஓர் அறிஞர்: எல்லாப்பிரகடா சுப்பாராவ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், நுண்ணுயிரியல்)

சென்ற பருவத்தில் ஒரு நாள், உயிர்வேதியியல் செய்முறை வகுப்பு. சோதனைக் குழாயில் இருந்த நிறமற்ற கரைசலில் அம்மோனியம் மாலிப்டேட்டை ஊற்றினோம். பின்னர் ‘அன்ஸா’ என்று நாம் சுருக்கி அழைக்கும் கரைசலில் சிறிது சேர்த்தோம். பத்து நிமிடத்தில் குழாய் நீலமாயிற்று. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ் உள்ளே இருக்கிறது என்று பொருள். ரெக்கார்டு நோட்டில் பிஸ்கே–சுப்பாராவ் முறை என்று தலைப்பிட்டு, படம் வரைந்து, கையொப்பமும் வாங்கிவிட்டோம். அந்தச் சுப்பாராவ் யார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் விரிவுரையாளர்தாம் தாமாகவே சொன்னார். அவர் நம் சென்னையிலே மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவராம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றவராம். அரியர் வைத்திருந்த சிலர் இதைக் கேட்டதும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்பதை மறைப்பானேன்?

அன்று தொடங்கிய ஆவலில் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையே இங்கே என் உடன் பயிலும் நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறையில் சிறு உத்தியோகம் பார்த்து, உடல்நலம் கெட்டு முன்னதாகவே ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் ஏழு பேர், இவர் நான்காமவர். வறுமை வீட்டுக்குள் உரிமையோடு நடமாடியது. பதின்மூன்றாம் வயதில் சுப்பாராவ் ஒரு முடிவு செய்தார்: காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் பணக்காரனாகிவிடுவது! வீட்டைவிட்டு ஓடிய பிள்ளையை வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தாயார் வெங்கம்மா விட்டுக்கொடுக்கவில்லை. கணவர் இறந்தபின் தம் நகைகளை விற்று மகனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை எழுதித்தான் அவர் மெட்ரிகுலேஷனில் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் அவர் எடுத்தது கணிதம். மனம் போனதோ இராமகிருஷ்ண மடத்தின் பக்கம். துறவியாகிவிட வேண்டும் என்று துடித்தார். தாயின் சம்மதமின்றி மடத்தார் ஏற்கவில்லை, தாயோ சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் தொண்டாவது செய்யலாம் என்ற எண்ணத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு உதவியவர்களில் முதன்மையானவர் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி. அவருடைய மகள் சேஷகிரியையே 1919இல் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் கேட்ட காலம். அறுவைச் சிகிச்சை வகுப்புக்கு எல்லோரும் சீமைத் துணி அங்கி அணிந்துவர, சுப்பாராவ் கதர் அங்கியோடு போய் நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியர் பிராட்பீல்டுக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, மற்றப் பாடங்களை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. அரசு மருத்துவப் பணியிலும் இடமில்லை. டாக்டர் அசந்த லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உண்டது உடம்பில் ஒட்டாமல், ஓயாத வயிற்றுப்போக்கும் இரத்தசோகையுமாக ஆளை வற்றச் செய்யும் ஸ்ப்ரூ என்ற நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியாயினர். அதே நோய் அவரையும் பற்றியது. லட்சுமிபதியின் மருந்து அவரைக் காப்பாற்றியது; ஆனால் அந்நோயின் காரணம் யாருக்கும் தெரியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. இருபத்தைந்து ஆண்டு கழித்து இந்த நோய் இக்கதைக்குள் மறுபடி வரும்.

மாமனாரும் காக்கிநாடாவின் அறக்கட்டளை ஒன்றும் கொடுத்த பணத்தில் கப்பலேறி, 1922 அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கினார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் இருந்தது, உதவித்தொகை இல்லை. எனவே பகலில் படிப்பு. இரவில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரம் எடுத்துக் கழுவும் வேலை. டாக்டர் பட்டம் வாங்கப் போன இடத்தில் இந்த வேலையா என்று நம் ஊரில் கேட்பார்கள். அவர் அதைப்பற்றி அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து உயிர்வேதியியல் துறைக்கு மாறி சைரஸ் பிஸ்கேயிடம் சேர்ந்தார். 1925இல் இருவரும் வெளியிட்டதுதான் நாம் செய்முறை வகுப்பில் செய்த அந்த நீலநிறச் சோதனை. அதற்கு முன் இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளப்பது நாள்கணக்கில் முடியும் வேலை. அளவும் நம்பத் தக்கதாக இராது. புதிய முறை வந்ததும் ஒரு துளியில் இருப்பதைக்கூட அளக்க முடிந்தது. அளக்கும் கருவி கிடைத்தபின் அதுவரை கண்ணில் படாதவை எல்லாம் படத் தொடங்கின. தசையில் இருக்கும் பாஸ்பரஸ் ஒரே வகையாக இல்லை என்று கண்டு, 1927இல் பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியர் முன்னதையும், ஜெர்மனியில் கார்ல் லோமன் பின்னதையும் தனித்தனியே கண்டனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கைக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசே போயிருந்தது. அந்தக் கொள்கை இந்தக் கண்டுபிடிப்புகளால் ஆட்டங்கண்டது. ஏ.டி.பி. இல்லாமல் இன்று நம் பாடநூலில் ஒரு பக்கமாவது உண்டா?

1930இல் முனைவர் பட்டம் வந்தது. நிலையான பேராசிரியர் பதவி வரவேயில்லை. ஹார்வர்டில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தும் அவர் கீழ்ப்படியிலேயே நின்றார். அந்நாளில் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமைக்கே தகுதியற்றவர்கள் என்று சட்டம் இருந்தது. 1946இல்தான் அது மாறியது. பதவி கிட்டாததற்கு நிறம் காரணமா, அடக்கம் காரணமா, தம் பங்கைத் தாமே எடுத்துச் சொல்லாத அவர் சுபாவம் காரணமா என்று எழுதியவர்கள் பலவாறு எழுதியிருக்கிறார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1940இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். விரைவில் ஆராய்ச்சி இயக்குநரும் ஆனார். பலர் இதை ஒரு வீழ்ச்சி போலச் சொல்கிறார்கள். மேதை ஒருவர் கம்பெனி வேலைக்குப் போக நேர்ந்ததே என்று இரங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பிறந்து வளர்ந்தது செம்பரம்பாக்கத்தில். விடியற்காலை ஐந்தரை மணிக்கே ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக எங்கள் சாலையில் போகும். என் அண்ணனும் அவற்றுள் ஒன்றில் ஏறிப் போகிறவர்தான். ஓர் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் தெருவில் ஆலை என்றால் சம்பளம், ஷிப்ட், ஓவர்டைம். அறிவியல் என்றால் காலேஜ். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் சுப்பாராவ். அவர் செய்தவற்றுள் மனிதகுலத்துக்கு மிகுதியாகப் பயன்பட்டவை எல்லாம் அந்த எட்டு ஆண்டுகளில், ஆலை மதிலுக்குள் செய்தவையே.

முதலாவது போலிக் அமிலம். ஈரலில் இரத்தசோகையைப் போக்கும் ஏதோ ஒன்று இருப்பது தெரியும். அது எது, எவ்வளவு என்பது தெரியாது. இங்கேதான் நம் துறை வருகிறது. லாக்டோபேசில்லஸ் கேசி என்ற பாக்டீரியா அந்தப் பொருள் இல்லாமல் வளராது. ஆகவே ஈரல் சாற்றின் ஒவ்வொரு பகுதியையும் அந்தப் பாக்டீரியாவுக்குக் கொடுத்து, அது எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தார்கள். குழாய் கலங்கினால் பொருள் இருக்கிறது. தெளிந்தே நின்றால் இல்லை. எந்தத் தராசிலும் நிறுக்க முடியாததை நுண்ணுயிர் நிறுத்துக் கொடுத்தது! ஈரலில் கிட்டியது போதாமல் வேறொரு பாக்டீரியாவை நொதிக்கச் செய்தும் அதே வகைப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1945இல் அதன் அமைப்பைக் கண்டு, செயற்கையாகவும் தயாரித்துவிட்டார்கள். அந்த அறிவிப்பில் கையொப்பமிட்டவர்கள் பதினாறு பேர். அவர்களில் ஏழாவது பெயராக, அகர வரிசையில் வரவேண்டிய இடத்தில், இயக்குநரான சுப்பாராவின் பெயர் இருக்கிறது.

அந்தப் போலிக் அமிலம் எந்த நோயைத் தீர்த்தது தெரியுமா? சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூவை! இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கும், பள்ளிகளில் மாணவிகளுக்கும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்ந்திருப்பதும் அதுதான். பள்ளியில் அதைத் தந்தபோது ஆசிரியை பார்க்காத நேரத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே எறிந்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

போலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்றே மாற்றினால் செல்கள் அதை உண்மையென்று நம்பி ஏமாந்து, பெருக முடியாமல் நிற்கும். லெடர்லேயில் செய்த அத்தகைய அமினோப்டெரினை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்கியதாகக் கூறியிருந்தார். அதுவரை அந்நோய் வந்த குழந்தைக்கு மருத்துவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

அடுத்தது எங்கள் வீட்டுக்கு நெருக்கமானது. என் ஆயாவுக்கு யானைக்கால். இடக்காலை ஊன்றி நடந்த அந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யானைக்காலுக்குக் காரணம் கொசுவால் பரவும் பைலேரியா புழு. அதன் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் ஊர்ந்து வரும். ஆகவே சுகாதார ஊழியர்கள் இரவில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போவார்கள் என்று அம்மா சொல்வார். பருத்தி எலிகளில் வளரும் ஒருவகைப் பைலேரியாவை வைத்துக்கொண்டு, பேர்ல் ரிவரில் பல கூட்டுப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1947இல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஹெட்ராசான் என்ற பெயரில் வந்த அந்த டை எத்தில் கார்பமசின்தான், 2004 முதல் நாடெங்கும் நோய் உள்ள மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை. இரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளை அது கொல்லும். ஏற்கெனவே வீங்கிய காலை வற்றச் செய்யாது. ஆயாவுக்கு அது காலங்கடந்து வந்தது. எங்கள் தலைமுறைக்குக் காலத்தில் வந்தது.

ஆரியோமைசின் கதை எல்லாவற்றிலும் சுவையானது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளை அடக்க வேறு மருந்து வேண்டும். அது மண்ணிலேயே கிடைக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்து அனுப்பிய தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டகரை, எழுபது கடந்த வயதில், லெடர்லே வேலைக்கு எடுத்துக்கொண்டது. தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி அந்தந்த ஊர் மண்ணை வரவழைத்தார் டகர். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலில், திமோத்திப் புல் வளர்ந்த ஒரு பாத்தியிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அதற்கு ஏ-377 என்று எண்ணிட்டார்கள். பின்னர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோபேசியன்ஸ் என்று பெயரிட்டார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது தந்த மருந்துதான்.

பெட்ரித் தட்டில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றுவது ஒன்று. அதை மருந்துக் குப்பிக்குள் கொண்டுவருவது முற்றிலும் வேறு. கிருமி நீக்கிய காற்றைப் பெருந்தொட்டிக்குள் இடைவிடாமல் செலுத்த வேண்டும். கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடும் அமிலத்தன்மையும் மாறக்கூடாது. வேண்டாத ஒரு பாக்டீரியா நுழைந்துவிட்டால் தொட்டி முழுவதும் சாக்கடைக்குத்தான். இதற்கு நுண்ணுயிரியலார், வேதியியலார், பொறியாளர், விலங்குச் சோதனை செய்பவர், தொட்டி காக்கும் தொழிலாளி அனைவரும் வேண்டும். இவர்களை ஒரு நூலில் கோத்துக்கொண்டிருந்தவர் சுப்பாராவ். ஆனால் 1948இல் வெளியான ஆரியோமைசின் அறிக்கையில் நிற்கும் பெயர் டகருடையது. தம் பெயரைச் சேர்க்கச் சொல்லும் அதிகாரம் இயக்குநருக்கு இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

இம்மருந்துக்கு மறுபக்கமும் உண்டு. மருந்தை எடுத்தபின் எஞ்சிய நொதித்த சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டால் அவை வேகமாக வளர்கின்றன என்று, சுப்பாராவ் மறைந்தபின், 1950இல் அதே லெடர்லே அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். உலகெங்கும் கோழிப் பண்ணைத் தீவனத்தில் எதிருயிரி மருந்து கலக்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் கொலிஸ்டின் என்ற மருந்தைத் தீவனத்தில் சேர்ப்பதை 2019இல்தான் தடை செய்தார்கள்.

இவ்வளவு எழுதியபின் ஓர் அம்மையாரைப்பற்றி எழுதாமல் விட்டால் என் மனம் ஒப்பாது. 1922இல் சுப்பாராவ் கப்பலேறியபோது சேஷகிரி கருவுற்றிருந்தார். பிறந்த ஆண்குழந்தை, தோலைச் சிவக்கச் செய்து பரவும் எரிசிபெலஸ் என்ற கிருமித்தொற்றில் சில மாதங்களிலேயே இறந்தது. எதிருயிரி மருந்து ஏதும் இல்லாத காலம் அது. மகன் முகத்தைத் தந்தை பார்க்கவேயில்லை. போனவர் பின்னர் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. கணவனும் மனைவியும் மறுபடி சந்திக்கவே இல்லை. அவரைத் துறவி என்று போற்றுகிறோம். சேஷகிரி அம்மாள் எந்த மடத்தில் சேர்ந்தார்? அவரை எந்தப் பெயரால் போற்றுவது? சுப்பாராவின்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

1948 ஆகஸ்டு 8ஆம் நாள் இரவு உறங்கப் போனவர் மறுநாள் எழவில்லை. மாரடைப்பு. வயது 53. கடைசிவரை அவர் அமெரிக்கக் குடிமகனாகவில்லை. 1995இல், பிறந்து நூறாண்டு ஆனபோது, இந்திய அஞ்சல்துறை அவருக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்னொரு நினைவுச்சின்னமும் உண்டு. 1953இல் ஹெசல்டைன் என்ற பூஞ்சை அறிஞர், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கல்படுகையின்மேல் படிந்திருந்த வழுவழுப்பான பாசத்தில் ஒரு புதிய பூஞ்சைப் பேரினத்தைக் கண்டு, அதற்குச் சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயர் சூட்டினார். பதவிக்கும் பட்டத்துக்கும் வராத பெயர் சாக்கடை நீரில் வாழும் ஓர் உயிருக்கு வந்தது. அதை இழிவென்று நினைப்பவர்கள், கல்படுகையில் அந்தப் பாசம் இல்லையென்றால் கழிவுநீர் கழிவுநீராகவே ஆற்றுக்குப் போகும் என்பதை மறந்தவர்கள்.

இந்தச் செய்தியை அண்ணனிடம் சொன்னேன். அவர்கள் நிலையத்தில் கல்படுகை கிடையாதாம், காற்றூதும் தொட்டிதான். கார் உடலுக்கு வண்ணம் பூசுமுன் பாஸ்பேட் குளியல் கொடுப்பார்கள். அந்தக் கழுவுநீரில் உள்ள பாஸ்பேட்டை முதலில் பிரித்துவிட்டுத்தான் தொட்டிக்கு விடுவார்கள் என்று விளக்கினார். பாஸ்பேட் தப்பிப் போனால் நீர்நிலையில் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். அதை அளக்க அவர்களும் நீலநிறச் சோதனைதான் செய்கிறார்களாம். கரைசல்களில் சிறு வேறுபாடு, நீலம் அதே நீலம்.

3,645 மில்லியன் கன அடி கொள்ளும் எங்கள் ஏரியிலிருந்து ஒரு பாட்டில் நீரை நானும் என் தோழியும் விரிவுரையாளர் அனுமதியோடு சோதித்துப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மிக மெல்லிய நீலம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கரையோரம் எடுத்த நீர் என்பதால் இதைக்கொண்டு ஒன்றும் சொல்லக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை நான்கு இடங்களில் எடுத்து அடுத்த பருவம் முழுவதும் அளக்கப் போகிறோம்.

சென்ற வாரம் அண்ணன் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு தொட்டிச் சேற்றில் சிறிதளவு ஒரு புட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். சுப்பாரோமைசிஸ் கிடைக்கவில்லை; கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. பழுப்புநிறத் திட்டுகளுக்கிடையே காம்பில் நின்ற மணி போன்ற வோர்ட்டிசெல்லா ஒன்று, காம்பைச் சுருட்டிச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு மெல்ல நிமிர்ந்தது. சனிக்கிழமை விடுமுறையில் அண்ணனைக் கல்லூரிக்கு அழைத்துவந்து காட்டலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறேன்.